மொட்டை மாடியைப் பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு முன்: தேவையான அனுமதிகளும் கட்டட விதிகளும்

புதுதில்லி: இடநெருக்கடி மிகுந்த நகரங்களில் மொட்டை மாடி இன்று துணி உலர்த்தும் இடமாக மட்டும் இருப்பதில்லை. மரப்பலகைத் தளம், நிழற்பந்தல், தோட்டம், உடற்பயிற்சிக் கூடம், உணவகம் எனப் பல வடிவங்களில் அது பயன்பாட்டுக்கு வருகிறது. ஆனால், கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கப்படும்போது மொட்டை மாடி பெரும்பாலும் "திறந்தவெளித் தளம்" என்றே பதிவாகிறது. கட்டடத்தின் எடை தாங்கும் திறன், மாடிப்படியின் அகலம், தீ விபத்தின்போது வெளியேறும் வழி ஆகியவை அந்தப் பதிவை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. எனவே பயன்பாடு மாறினால் இந்தக் கணக்குகளும் மாறியாக வேண்டும். அந்த மாற்றத்தை உரிய முறையில் பதிவு செய்து ஒப்புதல் பெறுவதே அனுமதி நடைமுறையின் நோக்கம்.

மொட்டை மாடியைப் பயன்படுத்தத் திட்டமிடும் வீட்டு உரிமையாளர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்கங்கள், உணவக உரிமையாளர்கள் ஆகியோர் அறிந்திருக்க வேண்டிய விதிகளின் தொகுப்பு வருமாறு.

எந்த விதி பொருந்தும்?

அரசமைப்புச் சட்டத்தின்படி நிலமும் உள்ளாட்சி நிர்வாகமும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆகவே நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே கட்டடச் சட்டம் கிடையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முறையாக வெளிவந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. இது வழிகாட்டும் தன்மை கொண்ட ஆவணமாகும். மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ தனது விதிகளில் அதைச் சேர்த்துக்கொள்ளும்போதுதான் அது கட்டாயமாகிறது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016-இல் மாதிரிக் கட்டடத் துணை விதிகளையும் வெளியிட்டது.

இவற்றைப் பின்பற்றி ஒவ்வொரு நகரமும் தனக்கென விதிகளை வகுத்துள்ளது. தில்லியில் 2016-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டடத் துணை விதிகளும், மும்பையில் 2034 வளர்ச்சிக் கட்டுப்பாடு மற்றும் ஊக்குவிப்பு விதிகளும், தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நடைமுறையில் உள்ளன. இவற்றுக்கு இடையிலான வேறுபாடுகள் சிறியவை அல்ல. எடுத்துக்காட்டாக, தேசிய விதித்தொகுப்பு 15 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கட்டடங்களை உயரமான கட்டடங்கள் என வகைப்படுத்துகிறது. தமிழ்நாட்டு விதிகளில் அந்த வரம்பு 18.30 மீட்டராகும். எனவே வேறொரு நகரத்தில் வசிக்கும் உறவினரோ நண்பரோ அனுமதியின்றிக் கட்டினார் என்பது எவருக்கும் முன்னுதாரணம் ஆகாது.

அனுமதி எப்போது தேவை?

தரையில் ஓடு பதித்தல், வெள்ளையடித்தல், பழுதான பூச்சைச் சரிசெய்தல், தொட்டிகளில் செடி வளர்த்தல், எளிதில் நகர்த்தக்கூடிய நாற்காலி, மேசை போடுதல் போன்றவற்றுக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவைப்படுவதில்லை. கட்டமைப்பில் மாற்றம் செய்யாத பராமரிப்புப் பணிகள் என்ற வகையில் இவை சேர்கின்றன.

ஆனால், கீழ்க்கண்ட பணிகளுக்கு முன்னனுமதி பெற வேண்டியிருக்கும்:

* தூண்கள் நட்டு, தகரம், பாலிகார்பனேட் அல்லது கான்கிரீட் கொண்டு நிரந்தரக் கூரை அமைத்தல்.

* சுவர் அல்லது கண்ணாடித் தடுப்பு எழுப்பி மொட்டை மாடியின் ஒரு பகுதியை அறையாக மாற்றுதல்.

* புதிய மாடிப்படி, மின்தூக்கி அல்லது கழிவறை அமைத்தல்.

* நீச்சல் குளம், பெரிய நீர்த்தொட்டி, அடர்த்தியான மண் நிரப்பிய தோட்டம் போன்று கூடுதல் எடையை நிரந்தரமாக ஏற்றுதல்.

* குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியை உணவகம், பயிற்சிக் கூடம், விழா அரங்கு போன்ற வணிக நோக்கங்களுக்குப் பயன்படுத்துதல்.

இவற்றில் முதல் இரண்டுமே மிகுதியான சிக்கல்களுக்குக் காரணமாகின்றன. ஒரு மனையில் எவ்வளவு பரப்பில் கட்டலாம் என்பதைத் தளப் பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. வானத்தை நோக்கித் திறந்திருக்கும் மொட்டை மாடி அந்தக் கணக்கில் சேராது. அதற்கு நிரந்தரக் கூரை போட்டதும் அது கட்டப்பட்ட பரப்பாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு. அனுமதிக்கப்பட்ட பரப்பு முழுவதும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருந்தால், அந்தக் கூரை விதிமீறலாகிவிடும். கட்டடத்தின் உயர வரம்பும் கவனிக்கப்பட வேண்டியதாகும். தில்லியில் தனிமனைகளில் அமைந்த குடியிருப்புக் கட்டடங்களுக்கு 15 மீட்டரும், தரைமட்டத்தில் தூண்களுக்கு இடையே வாகன நிறுத்தம் அமைத்தால் 17.5 மீட்டரும் உயர வரம்பாக உள்ளது. மாடிப்படிக்கு மேலுள்ள மூடறை, நீர்த்தொட்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த மூடறையை ஒட்டிப் படிப்படியாக அறை கட்டிக்கொள்வதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

மும்பையில் மழைக்காலத்தில் நீர்க்கசிவைத் தடுக்க அமைக்கப்படும் தற்காலிக மறைப்புகளுக்கு மாநகராட்சி தனியாக அனுமதி வழங்குகிறது. அந்த அனுமதி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். மழைக்காலம் முடிந்த பின்னரும் மறைப்பு நீடித்தால் அது அனுமதியற்ற கட்டுமானமாகக் கருதப்படும்.

எடை: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அனுமதி நடைமுறையில் மிக முக்கியமானதும், பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவதும் கட்டடத்தின் எடை தாங்கும் திறனே. கட்டடங்கள் மீது ஏற்படும் சுமையைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தளம் தாங்க வேண்டிய குறைந்தபட்ச எடையை வரையறுக்கிறது. ஆள்கள், மேசை நாற்காலிகள் போன்று வந்து போகும் சுமை இதில் கணக்கிடப்படுகிறது.

இதன்படி, பராமரிப்புக்கு மட்டுமே ஆள் ஏறும் தட்டையான கூரை, சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ எடையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டால் போதும். மாடிப்படி வசதியுள்ள வழக்கமான மொட்டை மாடிக்கு இது சுமார் 150 கிலோ. வீட்டின் அறைகளுக்குச் சுமார் 200 கிலோ. உணவகங்களுக்குச் சுமார் 400 கிலோ. நிலையான இருக்கைகள் இல்லாமல் மக்கள் நெருக்கமாகக் கூடும் அரங்குகளுக்கும் நடன அரங்குகளுக்கும் சுமார் 500 கிலோ.

அதாவது, குடும்பத்தினர் மாலை வேளையில் அமர்ந்து பேசுவதற்காக வடிவமைக்கப்பட்ட மொட்டை மாடியில் உணவகம் நடத்தினால், தளம் தாங்க வேண்டிய சுமை இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்கிறது. இசையுடன் கூடிய கொண்டாட்டம் நடந்தால் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. வடிவமைப்பில் பாதுகாப்புக்கென விடப்படும் கூடுதல் திறன், தரக்குறைவான பணி, துருப்பிடித்த கம்பி, வயது முதிர்ந்த கான்கிரீட் போன்ற குறைகளை ஈடுகட்டுவதற்காகவே உள்ளது. அதைப் பயன்பாட்டு மாற்றத்துக்காகச் செலவிடுவது ஆபத்தாகும்.

தோட்டமும் நீரும் இன்னும் கனமானவை. ஈரமான மண் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பப்பட்டால், சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் எடை ஏறும். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு அந்த எடை 1,000 கிலோ. இவை ஆள்களைப் போல வந்து போகும் சுமை அல்ல. இரவும் பகலும் தளத்தின் மீதே நிற்பவை. எனவே மாடித் தோட்டம் அமைப்போர் தென்னைநார்க் கழிவு கலந்த இலகுவான வளர்ப்பு ஊடகத்தைப் பயன்படுத்துவதும், கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக அமையுமாறு வைப்பதும் நல்லது.

விழாக் காலக் கூட்டமும் கணக்கில் வர வேண்டும். அகமதாபாதின் பழைய நகரப் பகுதியில், ஜனவரி 14-ஆம் தேதி கொண்டாடப்படும் உத்தராயணப் பட்டத் திருவிழாவுக்காக மொட்டை மாடிகள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஆண்டில் ஓரிரு நாள்கள்தானே என்று கருதப்பட்டாலும், பழைமையான கட்டடங்களின் கூரைக்கு அந்த ஓரிரு நாள்களே ஆண்டின் மிகக் கடுமையான சோதனையாக அமைகின்றன.

பழைய கட்டடங்களில் கட்டமைப்புத் தணிக்கை இன்றிப் பணியைத் தொடங்கக் கூடாது. மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவின்படி, 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயமாகும். இத்தகைய கட்டாயம் இல்லாத நகரங்களிலும், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்துப்பூர்வமாகச் சான்று பெறுவது பாதுகாப்பானது.

கைப்பிடிச் சுவர், காற்று, நீர்

மொட்டை மாடியின் விளிம்பில் உள்ள கைப்பிடிச் சுவர் அல்லது கம்பித் தடுப்பு, பயன்பாட்டுத் தளத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கு "தளத்திலிருந்து" என்ற சொல் கவனத்துக்குரியது. பழைய தளத்தின் மீது 15 அல்லது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரப்பலகைத் தளம் அமைத்தால், சுவரின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். முன்பு விதிக்கு உட்பட்டிருந்த சுவர் இப்போது குழந்தைகள் எளிதில் ஏறி எட்டிப்பார்க்கும் உயரத்துக்கு வந்துவிடும். சுவரை ஒட்டி நிரந்தர இருக்கையோ செடிப் பாத்தியோ அமைத்தாலும் இதே ஆபத்து உண்டு. எனவே புதிய தளத்தின் மேற்பரப்பிலிருந்தே உயரத்தை அளக்க வேண்டும்.

உயரம் மட்டுமன்றி உறுதியும் முக்கியம். ஐ.எஸ். 875 தரநிலையின்படி, வழக்கமான கூரைகளின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 75 கிலோ பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மக்கள் திரளாகக் கூடும் இடங்களில் இது சுமார் 225 கிலோவாக, அதாவது மூன்று மடங்காக உயர்கிறது. கூட்டம் ஒரு பக்கமாகச் சாயும்போது அரைச்செங்கல் கனமுள்ள பழைய சுவர் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

காற்றின் வேகமும் நகரத்துக்கு நகரம் மாறுபடுகிறது. கட்டட வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருவுக்கு விநாடிக்கு 33 மீட்டர், மும்பைக்கு 44 மீட்டர், கொல்கத்தாவுக்கு 50 மீட்டர் எனத் தரநிலையில் குறிப்பிடப்பட்டுள்ளது. மணிக்கணக்கில் இது முறையே சுமார் 119, 158, 180 கிலோமீட்டர் ஆகும். தரையை விட உயரத்தில் காற்றின் அழுத்தம் அதிகம். தகரக் கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதை விட மேல்நோக்கி இழுப்பதே காற்றின் பெரிய ஆபத்து. பெங்களூருவில் நிற்கும் நிழற்பந்தலின் வரைபடத்தை அப்படியே கொல்கத்தாவில் பயன்படுத்த முடியாது.

அடுத்தது நீர். மொட்டை மாடித் தளம் மழைநீர் வடிகுழாயை நோக்கிச் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் இருக்கும். தூண் நடுவதற்காகத் தளத்தில் துளையிடும்போது இந்தப் பூச்சு சேதமடைகிறது. சில மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டின் மேற்கூரையில் ஈரம் தோன்றும்போதுதான் பிரச்சினை வெளிப்படும். ஈரம் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, நாளடைவில் எடை தாங்கும் திறனையே குறைத்துவிடும். எனவே பலகைத் தளங்களைத் துளையிடாமல், உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய தாங்கிகளின் மீது அமைப்பதே பரிந்துரைக்கப்படுகிறது. வடிகுழாயின் வாய் மறைக்கப்படாமலும், சுத்தம் செய்யப் பலகையை எடுக்கக்கூடிய வகையிலும் இருக்க வேண்டும்.

தீ விபத்தும் வெளியேறும் வழியும்

ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைப் பரப்பளவைக் கொண்டு கணக்கிடும் முறை தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ளது. அதன் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, குடியிருப்புப் பயன்பாட்டில் 12.5 சதுர மீட்டருக்கு ஒருவர். உணவருந்தும் இடங்களில் 1.5 சதுர மீட்டருக்கு ஒருவர். நடன அரங்குகளில் 0.6 சதுர மீட்டருக்கு ஒருவர் எனக் கணக்கிடப்பட்டது.

இதை 150 சதுர மீட்டர் பரப்புள்ள தளம் ஒன்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். குடியிருப்பாக இருந்தால் அங்கு 12 பேர். உணவகமானால் 100 பேர். நடன அரங்கானால் 250 பேர். இத்தனை பேரும் தீ விபத்தின்போது ஒரே நேரத்தில் இறங்கியாக வேண்டும். குடியிருப்புக்குச் சுமார் ஒரு மீட்டர் அகல மாடிப்படி போதுமானதாக இருக்கலாம். மக்கள் கூடும் கட்டடங்களுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் முதல் 2 மீட்டர் வரை அகலம் தேவைப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வெளியேறும் வழிகளும் தேவை. கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் மாடிப்படியை அகலப்படுத்துவது பெரும்பாலும் இயலாத காரியம். மொட்டை மாடி உணவகத்துக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்த விதிகளின் பின்னணியில் உயிரிழப்புகள் உள்ளன. மும்பையின் லோயர் பரேல் பகுதியில் உள்ள கமலா மில்ஸ் வளாகத்தில், 2017 டிசம்பர் 28-ஆம் தேதி நள்ளிரவைக் கடந்து, அதாவது 29-ஆம் தேதி அதிகாலையில், மொட்டை மாடி உணவகங்களில் தீப்பற்றியது. 14 பேர் உயிரிழந்தனர். எளிதில் தீப்பற்றும் பொருள்களால் வேயப்பட்ட கூரை வழியாகத் தீ விரைவாகப் பரவியது. வெளியேற வழி தெரியாமல் கழிவறையில் தஞ்சமடைந்த பலர் மூச்சுத்திணறி இறந்தனர். இச்சம்பவம் குறித்து ஆராய, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஏ.வி. சாவந்த் தலைமையில் மும்பை உயர்நீதிமன்றம் குழு அமைத்தது.

அந்த விபத்துக்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மொட்டை மாடி உணவகங்களுக்கான கொள்கைக்கு மும்பை மாநகராட்சி நிர்வாகம் ஒப்புதல் அளித்திருந்தது. குடியிருப்புக் கட்டடங்களில் அனுமதி இல்லை, மொட்டை மாடியில் நெருப்பைப் பயன்படுத்திச் சமைக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் அதில் இடம்பெற்றிருந்தன. விதி ஏட்டில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வெவ்வேறு என்பதை கமலா மில்ஸ் தீ விபத்து உணர்த்தியது.

பெங்களூருவின் கோரமங்களாவில் 2023 அக்டோபர் 18-ஆம் தேதி, நான்கு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இயங்கிய உணவகத்தில் தீப்பற்றி எரிவாயு உருளைகள் வெடித்தன. உயிர் தப்புவதற்காக ஒருவர் மேலிருந்து குதித்த காட்சி நாடு முழுவதும் பரவியது. இதைத் தொடர்ந்து நகரின் மொட்டை மாடி உணவகங்களில் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

கொல்கத்தாவின் படாபஜார் பகுதியில் உள்ள விடுதியில் 2025 ஏப்ரல் 29-ஆம் தேதி நேரிட்ட தீ விபத்தில் 14 பேர் உயிரிழந்தனர். இதையடுத்து மொட்டை மாடி உணவகங்களை மூடுமாறு கொல்கத்தா மாநகராட்சி உத்தரவிட்டது. தீ விபத்தின்போது மக்கள் தஞ்சமடைவதற்கும் மீட்புப் பணிக்கும் மொட்டை மாடி திறந்திருக்க வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இடிப்பு நடவடிக்கையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் கொல்கத்தா உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

கொல்கத்தா மாநகராட்சி கூறிய காரணம் வீடுகளுக்கும் பொருந்தும். கீழ்த்தளத்தில் தீப்பற்றிப் படிக்கட்டு புகையால் நிரம்பினால், மேல்தளத்தில் வசிப்போருக்கு மொட்டை மாடியே கடைசிப் புகலிடம். அதன் கதவைப் பூட்டி வைப்பதும், படிக்கட்டின் முகப்பை அறையாக அடைப்பதும், தளம் முழுவதையும் பந்தலால் மூடுவதும் அந்தப் புகலிடத்தை இல்லாமல் ஆக்கிவிடும்.

உணவகம் நடத்துவோருக்குக் கூடுதல் விதிகள்

வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டட அனுமதி மட்டும் போதாது. பயன்பாட்டு மாற்றத்துக்கான ஒப்புதல், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, உள்ளாட்சி அமைப்பின் தொழில் அல்லது சுகாதார உரிமம், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் உரிமம் ஆகியவை தேவை. மது பரிமாறுவதாக இருந்தால் கலால் துறை உரிமத்தில் மொட்டை மாடிப் பகுதியும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். கீழ்த்தள உணவகத்துக்குப் பெற்ற உரிமம் தானாகவே மேல்தளத்துக்கும் நீளாது.

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இன்படி, மூடிய அரங்குகளைத் தவிர மற்ற இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தத் தடை உள்ளது. மொட்டை மாடி மூடிய அரங்கு அல்ல. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அனுமதிக்கப்பட்ட அளவாகும்.

நினைவுச்சின்னங்களுக்கு அருகில் உள்ள கட்டடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் 2010-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரையறுத்துள்ளது. தடைசெய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டுமானத்துக்கு இடமில்லை. பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. தில்லியின் ஹவுஸ் காஸ், மெஹ்ரௌலி, ஆக்ராவின் தாஜ்கஞ்ச் போன்ற பகுதிகளில் மொட்டை மாடியில் கட்டுமானம் மேற்கொள்ள விரும்புவோர் இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

மேல்தள வீட்டை வாங்கியவர் மொட்டை மாடியும் தனக்கே உரியது என்று கருதுவது பரவலான தவறு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், பொதுப் பகுதிகள் எவை என்று வரையறுக்கும்போது மொட்டை மாடியையும் அதில் சேர்த்துள்ளது. பொதுப் பகுதிகளின் பிரிக்கப்படாத உரிமையைக் குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டுமான நிறுவனம் மாற்றித்தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

அதேவேளையில், குறிப்பிட்ட வீட்டுடன் இணைந்து அந்த வீட்டார் மட்டும் பயன்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்ட திறந்தவெளித் தளத்தையும் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆனால் அது வீட்டின் உள்பரப்புக் கணக்கில் சேராது. தனிப்பயன்பாட்டு உரிமை என்பது கூரை போட்டு அறையாக மாற்றும் உரிமையும் அன்று. விற்பனையாளரின் வாய்மொழி உறுதியை நம்பாமல், அனுமதிக்கப்பட்ட வரைபடத்திலும் விற்பனைப் பத்திரத்திலும் அந்தத் தளம் எவ்வாறு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்க்க வேண்டும்.

பொதுவான மொட்டை மாடியில் எந்தப் பணியைச் செய்வதற்கும் சங்கத்தின் தீர்மானமும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை. திட்டத்தின் வரைபடத்தையும் பொதுப் பகுதிகளையும் கட்டுமான நிறுவனம் மாற்ற விரும்பினால், வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும். கட்டமைப்புக் குறைபாடு எதுவும் வீடு ஒப்படைக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்பட்டால், அதைச் சரிசெய்து தருவது கட்டுமான நிறுவனத்தின் பொறுப்பு. குடியிருப்போர் தாமாகவே தளத்தில் துளையிட்டோ கூடுதல் எடை ஏற்றியோ இருந்தால், இந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினமாகிவிடும்.

சூரிய மின்தகடும் மழைநீர் சேகரிப்பும்

மொட்டை மாடியில் இடத்துக்கான போட்டி இப்போது அதிகரித்துள்ளது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், ஒரு கோடி வீடுகளில் மின்தகடு அமைப்பதை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட திறனுக்கு அதிகபட்சமாக ரூ.78,000 மானியம் வழங்கப்படுகிறது. ஒரு கிலோவாட் திறனுக்கு நிழல் விழாத சுமார் 10 சதுர மீட்டர் இடம் தேவைப்படும். எனவே பந்தல் அமைத்த பிறகு மின்தகடுக்கு இடம் தேடுவதை விட, இரண்டையும் ஒரே வரைபடத்தில் திட்டமிடுவது சிறந்தது. மின்தகடுகளையே நிழற்கூரையாகப் பயன்படுத்த எண்ணுவோர், தாங்கு சட்டகத்தின் உயரத்துக்கு உள்ளூர் விதிகளில் உள்ள வரம்பை முன்னரே கேட்டறிய வேண்டும்.

மாதிரிக் கட்டடத் துணை விதிகள், 100 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குகின்றன. அந்த நீர் வந்து சேரும் பரப்பே மொட்டை மாடிதான். தோட்ட மண்ணும் உரமும் கலந்த நீர் சேகரிப்புத் தொட்டிக்குள் செல்லாதவாறு வடிகட்டி அமைக்க வேண்டும்.

அனுமதி பெறாவிட்டால்?

அனுமதியற்ற கட்டுமானங்களை நீண்ட காலம் ஆகிவிட்டது என்பதற்காகவோ, பெரும் பணம் செலவிடப்பட்டது என்பதற்காகவோ முறைப்படுத்த முடியாது என்று 2024 டிசம்பர் 17-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் உச்சநீதிமன்றம் கூறியது. நிறைவுச் சான்று அல்லது பயன்பாட்டுச் சான்றைச் சரிபார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகளும் வங்கிக் கடனும் வழங்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பில் உத்தரவிடப்பட்டது. எனவே மொட்டை மாடியில் எழுப்பிய ஓர் அறை, பின்னாளில் வீட்டை விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ தடையாக நிற்கக்கூடும்.

உரிமையாளர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கட்டடங்களை இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள்கள் அல்லது உள்ளூர்ச் சட்டம் கூறும் கால அவகாசம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை நோட்டீஸ் அளிக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இது பொருந்தாது. நோட்டீஸ் பெற்றவர்கள் அதைப் புறக்கணிக்காமல், உரிய காலத்துக்குள் விளக்கம் அளிப்பதும் மேல்முறையீடு செய்வதும் அவசியம்.

விண்ணப்பிக்கும் வரிசை

பணியைத் தொடங்கும் முன் கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றுவது வீண்செலவைத் தவிர்க்கும்:

1. உள்ளாட்சி அமைப்பு அனுமதித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலைப் பெற்று, மொட்டை மாடி எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதையும், கட்டுவதற்கான பரப்பு மீதமுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2. விற்பனைப் பத்திரத்தின்படி உரிமை யாருடையது என்பதை உறுதி செய்து, சங்கம் இருந்தால் அதன் தீர்மான நகலைப் பெற வேண்டும்.

3. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு தளத்தை ஆய்வு செய்து, எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு எடை தாங்கும் என்பதை எண்களில் குறிப்பிடும் சான்றைப் பெற வேண்டும். "நல்ல நிலையில் உள்ளது" என்ற பொதுவான வாசகம் போதாது.

4. உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர் மூலம் திருத்திய வரைபடத்தை உள்ளாட்சி அமைப்பின் இணையவழி அனுமதித் தளத்தில் பதிவேற்ற வேண்டும். சிறு மனைகளுக்குச் சில நகரங்களில் எளிய நடைமுறை உள்ளது. தில்லியில் 105 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்பு மனைகளுக்கு "சரள்" திட்டத்தின் கீழ் உறுதிமொழி அளித்துப் பணியைத் தொடங்கலாம்.

5. கட்டட உயரத்தையும் பயன்பாட்டையும் பொறுத்துத் தீயணைப்புத் துறை, தொல்லியல் சார்ந்த ஆணையம் ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளை இணைக்க வேண்டும்.

6. பணி முடிந்ததும் நிறைவுச் சான்று பெற்று, வரைபடம், பொறியாளர் சான்று ஆகியவற்றுடன் பத்திரப்படுத்த வேண்டும்.

இவற்றில் மூன்றாவது படியை முதலிலேயே செய்வது நல்லது என்று கருதவும் இடமுண்டு. தளம் தாங்காது என்று பொறியாளர் கூறிவிட்டால், மற்றப் படிகளுக்குத் தேவையே இராது. அந்தப் பதிலைப் பணம் செலவிட்டு, கூரை வேய்ந்து, ஆள்கள் கூடிய பிறகு தெரிந்துகொள்வதை விட, வெறும் தளமாக இருக்கும்போதே தெரிந்துகொள்வது மேல்.

விதிகளும் கட்டணங்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதுடன் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதிகளை அந்தந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது நகர வளர்ச்சிக் குழுமத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.